இரண்டு மான்செஸ்டர்கள்: ராக் இசை, சாவு, பெயர்

1

ஜனவரி 8 என்ற தேதி இரண்டு நாட்காட்டிகளில் இருக்கிறது. ராக் ரசிகர்களின் நாட்காட்டியில் அது எல்விஸ் பிரெஸ்லி (1935), டேவிட் போவி (1947) இருவரும் பிறந்த நாள். கோவைத் தொழிற்சங்கக்காரர்களின் நாட்காட்டியில் அது சின்னியம்பாளையம் தியாகிகள் நாள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். முதல் நாட்காட்டியை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது தெரியாது. இரண்டாவதை வைத்திருப்பவருக்கு முதலாவது எதற்கு என்று தோன்றும். நான் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டி வைத்திருக்கிறவன்.

2025 ஜூலை 22 அன்று ஆஸி ஆஸ்போர்ன் செத்துப்போனார். பிளாக் சாபத் குழுவின் பாடகர், வயது 76. விடுதியில் தமிழ் எம்.ஏ. படித்த நாட்களில் யாரோ கொடுத்த பென்டிரைவ் ஒன்றில் தொடங்கிய பழக்கம் எனக்கு. இரண்டு நாள் அந்தப் பாடல்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். "தொல்காப்பியம் படிச்சவன் இங்கிலீஷ்காரன் எழவுக்கு ஏம்ப்பா துக்கம் காக்கிறே?" என்று தோழர் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை.

இறந்துபோன இசைஞர்களைப் பெயர் சொல்லி நினைவில் வைப்பது எப்படி நடக்கிறது? அது யாருக்கு நடக்கிறது, யாருக்கு நடப்பதில்லை? ராக் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால் அது கொங்கு நாட்டைப் பற்றியும் சில விஷயங்களைச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

2

பர்மிங்காம் இரும்பு நகரம். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிட்கோ எல்லாவற்றையும் சேர்த்துப் பல மடங்கு பெருக்கினால் அந்த ஊர் ஓரளவு பிடிபடும். அதன் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த பையன்கள் நான்கு பேர் 1968-இல் சேர்ந்து தொடங்கிய குழு பின்னால் பிளாக் சாபத் ஆனது. ஆஸியின் அப்பா கருவிகள் செய்யும் தொழிலாளி. அம்மா வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பையன் 15 வயதில் பள்ளியை விட்டான். கார் ஹாரன்களை ஊதவிட்டுச் சுருதி சரிபார்க்கும் வேலை கொஞ்ச நாள், கசாப்புக் கூடத்தில் கொஞ்ச நாள்.

கிட்டார் வாசித்த டோனி அயோமி தகட்டு உலோகத் தொழிற்சாலையில் இருந்தார். 1965, வயது 17. இசைக்குழு ஒன்றோடு வெளிநாடு போவதற்காக வேலையை விட முடிவு செய்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். வேலைக்கு வராத ஒருவருடைய பிரஸ் இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோனது. அவர் இடது கைக்காரர். ஆகவே கிட்டாரில் தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கை. பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் இசைத்தட்டைக் கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்தவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடிப்பிடித்தார். பின்னாளில், 1971-இல் வெளிவந்த மூன்றாவது தட்டில், தந்திகளை மூன்று அரைச்சுரம் கீழே தளர்த்தினார். ஓசை இன்னும் கனமாகவும் இருட்டாகவும் வந்தது. 'ஹெவி மெட்டல்' என்று உலகம் கொண்டாடுகிற ஓசையின் அடியில் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது. ஊரின் சம்மட்டி ஓசை தங்கள் இசைக்குள் இறங்கியதைக் குழுவினரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இசை என்பது இரைச்சலை ஒழுங்குபடுத்துவது. எந்த ஓசை இசை, எந்த ஓசை இரைச்சல் என்று பிரிப்பது அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977-இல் எழுதினார். அவர் சொன்னதை நம்மூர்ப் பட்டறையில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். பவர் பிரஸ்ஸில் இருபது வருஷம். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். இளவட்டமாக இருந்த காலத்தில் பஜனைக் குழுவில் தபேலா வாசித்தவர் என்று கேள்விப்பட்டு ஒருநாள் கேட்டேன்.

"இப்ப வாசிக்கிறதில்லீங்களா மாமா?"

"வெரலு இருந்தாத்தானே கண்ணு."

அவ்வளவுதான். சிரித்துவிட்டு பீடி பற்ற வைத்தார்.

அயோமிக்கு மன உறுதி இருந்தது, மாமாவுக்கு இல்லை என்று தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுகிறவர் சொல்வார். நான் அதை ஏற்கத் தயாரில்லை. அயோமியின் விரலுக்கு 1948 முதல் நடைமுறைக்கு வந்த இலவச மருத்துவம் இருந்தது. ஒரு வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கிற காலம் அது. தவணையில் கிட்டார் வாங்க முடிந்தது. வார இறுதியில் வாசிக்கக் காசு கொடுக்கிற மதுக்கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. விரல் போன பையன் தன் பெயரோடு மேடை ஏற இத்தனை ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. மாமாவுக்குக் கிடைத்தது கட்டுப் போட்ட கையும் ஒரு வாரச் சம்பளமும்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சாபத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. ஆஸி வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்து மைதானம். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். 2005-க்குப் பிறகு ஆரம்பக் குழுவின் நான்கு பேரும் சேர்ந்து மேடை ஏறியது அன்றுதான். சரியாகப் பதினேழாம் நாள் இறந்தார். ஜூலை 30 அன்று அவர் உடல் நகரின் பிராட் தெரு வழியாகப் போனது. பித்தளை வாத்தியக் குழு முன்னே வாசித்துப் போக, ஆயிரக்கணக்கானோர் இருபுறமும் நின்றார்கள். பிளாக் சாபத் பெயர் சூட்டப்பட்ட பாலத்தில் ஊர்வலம் நின்றது. கசாப்புக் கூடத் தொழிலாளியாக இருந்த ஒருவனின் சாவுக்கு ஒரு நகரம் போக்குவரத்தை நிறுத்தியது.

3

கோவைக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஒரு பட்டம். 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. அசல் மான்செஸ்டரில் 'சுதந்திர வணிக மண்டபம்' என்று ஒரு கட்டடம் உண்டு. அந்தச் சுதந்திர வணிகம் நம்முடைய கைத்தறியை என்ன செய்தது என்பதைத் தனியே எழுத வேண்டும். மண்டபம் நிற்கிற நிலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று, வாக்குரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர் குடும்பங்கள்மீது குதிரைப்படை பாய்ந்து வெட்டிய திடல் அது. பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு சொல்கிறது.

அதே மண்டபத்தில் 1966 மே 17 அன்று பாப் டிலன் பாடினார். முதல் பாதியில் தனியாக, சாதாரண கிட்டாரோடு. இரண்டாம் பாதியில் மின் கிட்டாரும் குழுவும். நாட்டுப்புற இசையை விற்றுவிட்டான் என்று ஏற்கெனவே கோபத்தில் இருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். டிலன் குழுவினரை இன்னும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். இந்தக் கச்சேரியின் திருட்டு ஒலிப்பதிவு பல ஆண்டுகள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்தது என்ற தவறான முகவரியோடு உலகைச் சுற்றியது. 1998-இல்தான் முறையாக வெளிவந்தது. கத்தியது யார் என்று இன்னும் சர்ச்சை நடக்கிறது.

அன்று மின் வாத்தியங்களோடு மேடையில் நின்றவர்கள் ஆறு பேர். ரிச்சர்ட் மேனுவல் 1986-இல் இறந்தார். ரிக் டேன்கோ 1999-இல். டிரம்ஸ் வாசித்த மிக்கி ஜோன்ஸ் 2018-இல், ராபி ராபர்ட்சன் 2023-இல், கார்த் ஹட்சன் 2025 ஜனவரியில். மிச்சம் டிலன் ஒருவரே. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு என்னால் இதை எழுத முடிகிறது. மேடையில் இருந்த ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, கத்தியவனுக்குக்கூட இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. ராக் இசை தன் மேதைமையைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பெரிய ஆர்வம் வருவதில்லை. அது தன் ஆட்களுக்கு வைத்திருக்கும் இந்தப் பதிவேடுதான் என்னை இழுக்கிறது.

பதிவேட்டை அப்படியே கும்பிடவும் வேண்டாம். செத்த பாடகனின் தட்டு உயிரோடிருந்த காலத்தைவிட நன்றாக விற்கும் என்பது இசை நிறுவனங்களுக்குத் தெரியும். 27 வயதில் செத்தவர்களைத் தனிக் குலதெய்வ வரிசையாக ஆக்கியதும் இந்தச் சந்தைதான். அதைவிட முக்கியமானது, இந்தப் பதிவேட்டுக்குள்ளேயே ஒரு நிறக்கோடு ஓடுகிறது. ராக் இசைக்கு மூலம் ப்ளூஸ். அது அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. ராபர்ட் ஜான்சன் 29 பாடல்கள் பதிவு செய்துவிட்டு 1938 ஆகஸ்ட் 16 அன்று 27 வயதில் இறந்தார். அவருக்கு மிசிசிப்பியில் மூன்று இடங்களில் கல்லறைக் கல் இருக்கிறது. எங்கே புதைத்தார்கள் என்று உறுதியாகத் தெரியாததால் மூன்று. பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் கார் விபத்தில் இறந்தார். ஒரு காலத்தில் நாட்டிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய கறுப்பினப் பாடகி அவர். அவர் கல்லறை 33 ஆண்டுகள் கல் இல்லாமல் கிடந்தது. 1970 ஆகஸ்டில் இரண்டு பேர் பணம் போட்டுக் கல் வைத்தார்கள். ஒருவர், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவானிடா கிரீன். மற்றவர் வெள்ளைக்கார ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின். கல் வைத்த இரண்டாம் மாதம், அக்டோபர் 4 அன்று, ஜாப்ளினும் செத்துப்போனார்.

இன்னொரு தொழில் நகரம் டெட்ராய்ட். கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைன் போலவே பாட்டுகளைச் செய்து தள்ளிய மோடவுன் நிறுவனம் அங்கே இருந்தது. பாடகர்களின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. எல்லாப் பாட்டுக்கும் பின்னால் வாசித்த ஒரே குழுவின் பெயர் 1971 வரை தட்டுகளில் அச்சாகவில்லை. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்க் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், 1983-இல் நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு விழாவுக்கு அழைப்பில்லாமல், வெளியே டிக்கெட் வாங்கி மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். சில மாதங்களில் இறந்தார். பிறகு அவரைத் தேடி ஒருவர் புத்தகம் எழுதினார். 2002-இல் குழுவைப் பற்றி ஆவணப்படம் வந்தது. பெயர்கள் திரும்பி வந்தன.

பெயர் தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறேன்.

4

இந்தியாவில் ராக் இசைக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1970, 1971 ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி தன் 'சிம்லா' பிராண்டின் பெயரில் அகில இந்திய பீட் போட்டி நடத்தியது. தேர்வான குழுக்களின் பாடல்கள் இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். அந்தப் பையன்கள் நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் பாடியது ஆங்கிலத்தில், கேட்டது ஆங்கிலம் பேசும் கல்லூரி வளாகம். பர்மிங்காமில் பட்டறையிலிருந்து புறப்பட்ட இசை இங்கே கான்வென்ட் வாசலில் வந்து இறங்கியது. நம்மூர்ப் பட்டறைக்கு அது வரவில்லை.

பட்டறைக்கு மின்சாரம் மட்டும் வந்தது. 1932-இல் அமெரிக்காவில் மின் கிட்டார் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அதே 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் மில்கள் பெருகியதற்கும், கிணறுகளில் மோட்டார் இறங்கியதற்கும், பம்ப் செய்கிற பவுண்டரிகள் முளைத்ததற்கும் பைக்காராதான் காரணம் என்று பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அந்த மின்சாரம் ஓசையை என்ன செய்தது என்று அவர்கள் எழுதுவதில்லை. ஓசைக்கு அது கொடுத்தது மைக் செட்டை. பனைமரத்தில் கட்டிய குழாய். கல்யாணம், சீர், மாரியம்மன் நோம்பி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய். கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய காலம் உண்டு. 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவின் படம். பிறகு சினிமா சென்னைக்குப் போய்விட்டது. சினிமாப் பாட்டு குழாய் வழியே திரும்பி வந்தது.

மின் கிட்டாரும் டிரம்ஸும் கொங்கு கிராமத்துக்குள் வந்தது மெல்லிசைக் கச்சேரியில். நமக்கு நடந்த ராக் கச்சேரி அதுதான் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். நோம்பியின்போது கோயில் முன்னால் மேடை. கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ், டிரம்ஸ், தபேலா, பாங்கோஸ். விடிய விடியக் கூட்டம். இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகளைச் சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன் காதால் கேட்டே விரலுக்குக் கொண்டுவந்து வாசிப்பான். அவன் ஆட்டத்துக்கு விசிலடிக்கும் கூட்டத்துக்கு அவன் பெயர் தெரியாது. பாடகருக்கும் அதே கதி. அறிவிப்பாளர் அவரை 'நம்மூர் எஸ்.பி.பி.' என்பார், பாடகியை 'மினி ஜானகி' என்பார். புகழுக்காகக் கொடுக்கிற பட்டம்தான். ஆனால் மேடையில் உயிரோடு நிற்கும்போதே ஒருவருடைய சொந்தப் பெயரை எடுத்துக்கொண்டு இன்னொருவர் பெயரைப் போர்த்துகிற காரியம் அது. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் இறந்தபோது தமிழ்நாடே அழுதது. அழ வேண்டிய சாவுதான். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நோம்பி இல்லாமல், மேடை இல்லாமல், கிட்டாரை அடகு வைத்த 'நம்மூர் எஸ்.பி.பி.' குழுக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களில் கொரோனாவில் போனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டோ கிடைத்தது.

மேலே சென்னையிலும் நிலைமை பெரிதாக மாறுபட்டதில்லை. கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இளையராஜாவிடம் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்து, இசைக்குழுவை நடத்தியும் வந்த புருஷோத்தமன் 2020-இல் இறந்தார். ஒரு தலைமுறையின் காதலும் துக்கமும் அவர் கைத் தாளத்தில் நடந்தன. அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மிக்கி ஜோன்ஸ் இறந்த ஆண்டு தெரிந்த எனக்குப் புருஷோத்தமன் எந்தெந்தப் பாட்டில் வாசித்தார் என்று பார்க்க ஒரு பட்டியல் இல்லை.

5

இதுவரை சொன்னது தொழில், சந்தை, அச்சு பற்றியது. இதோடு நிறுத்தினால் முக்கால் கிணறு தாண்டிய கதை. கொங்கு நாட்டில் மின்சாரம் வருவதற்கு முன்பே, இரும்பு வருவதற்கு முன்பே, சாவுக்கு வாசிக்கிற இசைஞர்கள் இருந்தார்கள். தப்பட்டை அடிக்காமல் எந்தப் பிணமும் சுடுகாடு போனதில்லை. அடித்தவர்கள் பறையர்களும் அருந்ததியர்களும். அவர்கள் கையில் அந்த வாத்தியம் தேர்வாக வரவில்லை, பிறப்போடு வந்தது. எழவுச் செய்தி சொல்லப் போவதும், பந்தல் ஓரம் நின்று அடிப்பதும், தூர வைத்த சோற்றை வாங்கிப்போவதும் ஒரே கடமையின் பகுதிகள்.

கோவையின் இரும்பு ஏன் ஒரு பிளாக் சாபத்தை உண்டாக்கவில்லை என்று இசை ரசிகர் கேட்கலாம். பில் வார்ட் டிரம்ஸ் குச்சியைக் கையில் எடுத்தபோது அந்தக் குச்சியைப் பார்த்து யாரும் அவர் எந்தத் தெரு என்று கணக்குப் போடவில்லை. இங்கே தோல் கருவியைத் தொட்டாலே தெரு தெரிந்துவிடும். பட்டறைக்குப் போன தலித் இளைஞனுக்கு மேளத்தை விட்டு வந்ததுதான் விடுதலை. அவன் கையில் குச்சி கொடுத்து "நீ ஏன் கலைஞனாகவில்லை" என்று கேட்பது கொழுப்பு. மற்ற சாதிப் பையனுக்கோ அந்தக் கருவி தீட்டு. ஆக ஊரின் மிக வலுவான தாள மரபும், ஊரின் மிகப் புதிய இரைச்சலும் சந்திக்கவே முடியாதபடி நடுவில் சாதி நின்றது. வர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்மூர் ஓசைக்கு வரலாறு எழுத முடியாது.

சாவு மேளம் அடிக்க மாட்டோம் என்ற மறுப்பு தலித் இயக்க வரலாற்றில் முக்கியமான போராட்டம். அதற்காக ஊர்விலக்கும் அடியும் பட்டவர்கள் உண்டு. 1990களில் இன்னொரு திசையும் திறந்தது. தலித் கலை விழாக்களில் பறை மேடையேறி, அடிமைச் சின்னம் விடுதலைக் கருவியாகப் பெயர் மாற்றம் பெற்றது. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு மக்கள் இசையை அப்படி மீட்டெடுத்தவர்களில் ஒருவர் 'பரட்டை' என்ற தியாபிலஸ் அப்பாவு, 2005-இல் இறந்தார். மேளத்தை விடுவதா, எடுப்பதா என்ற விவாதம் நம் சிற்றிதழ்ப் பக்கங்களிலேயே நடந்திருக்கிறது. எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு: எடுப்பவனும் விடுபவனும் தன் பெயரில் அதைச் செய்ய வேண்டும். பறையை மீட்டுவிட்டு, நாற்பது வருஷம் அதை அடித்துச் செத்த கிழவனின் பெயரைக் கேட்காமல் விட்டால் மீட்டது பாதிதான்.

இன்று கொங்கு கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுச் சாவென்றால் நினைவஞ்சலி பிளக்ஸ் எழும். மகன், மருமகன், பேரன், பேத்தி, பங்காளி, கட்சிக்காரர் எல்லார் பெயரும் போட்டோவும் இருக்கும். சில ஊரில் மைக் செட்காரர் பெயர்கூட இருக்கும். மேளம் அடித்தவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களின் எல்லாச் சாவுக்கும் ஓசை கொடுத்தவர் செத்தால் எங்கும் எழுத்தில் வருவதில்லை. ராபர்ட் ஜான்சனுக்கு மூன்று கல். இவருக்கு ஒன்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அயோமி விரலை இழந்த அதே 1965-இல், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் ஒரு டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தார். பொன்னர்-சங்கர் கதையை, அண்ணன்மார் சாமி கதையை, உடுக்கடித்து இரவு இரவாகப் பாடிய ராமசாமியின் குரலை அவர் பதிவு செய்தார். அது பின்னால் தமிழும் ஆங்கிலமுமாக நூலானது. கொங்கின் எத்தனையோ உடுக்கடிப் பாடகர்களில் ராமசாமி என்ற பெயர் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அந்த டேப். கேட்ட ஊருக்குப் பாட்டு தெரியும், பாடியவரும் தெரியும்; எழுதி வைக்கத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, புலம்பவும் வேண்டியதில்லை. டேப் ரெக்கார்டர் இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது.

6

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. மின் கிட்டார், டிரம்ஸ், ராப், கானா, தோல் கருவிகள் எல்லாம் ஒன்றாக. கானா வடசென்னையில் சாவு வீட்டில் பாடப்பட்டு வளர்ந்த பாட்டு. குழுவின் பெயரோ அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்தது. சாவுப் பாட்டும் மின் கிட்டாரும் ஒரே மேடையில், ஒவ்வொருவர் பெயரும் அறிவிக்கப்பட்டு நின்றதை நான் ஒரு வரலாற்றுச் சம்பவமாகவே எண்ணுகிறேன். அந்தக் குழுவின் பின்னாளைய பிரிவுகளையும், சந்தை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் விமர்சிக்கலாம். விமர்சிப்பதற்குப் பெயர்கள் இருக்கின்றன என்பதே புதிது.

அரசும் இப்போது பெயர் சொல்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-இலும், மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இலும் பத்மஸ்ரீ. மகிழ்ச்சிதான். ஆனால் விருது ஒரு ஆளைத் தூக்கிக் காட்டும். அவர் பக்கத்தில் நின்று அடித்தவரை அதற்குத் தெரியாது. டெட்ராய்ட்டில் தேடிப் போனதைப்போல நாமே தேடிப் போனால்தான் உண்டு.

நினைவு என்றாலே மேட்டுக்குடி ஏக்கம், போராட்டத்துக்கு அது எதற்கு என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். சின்னியம்பாளையத்து நான்கு பெயர்களும் எண்பது வருஷம் கழித்து நமக்குத் தெரிவது எப்படி? எந்தக் கம்பெனியும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. கொடி ஏற்றி, வருஷா வருஷம், நாலு பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும், பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். மில் தொழிலாளிக்குச் செய்யத் தெரிந்ததை மேளக்காரருக்கும் கிட்டார்க்காரருக்கும் செய்ய நமக்குத் தெரியும்.

ஆகவே ஒரு யோசனை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் எல்லைக்குள் தப்பட்டை, உறுமி, பம்பை, உடுக்கை அடித்தவர்கள், ஜமாப் குழுவில் இருந்தவர்கள், மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் டிரம்ஸும் கீபோர்டும் வாசித்தவர்கள் யார் யார்? பெயர், கருவி, யாரிடம் கற்றார், எந்த நோம்பியில் வாசித்தார், என்ன கூலி கொடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எப்போது வாசிப்பதை விட்டார், ஏன் விட்டார், எந்த வருஷம் இறந்தார், எங்கே அடக்கம். இருப்பவரிடம் அவர் வாயாலேயே கேளுங்கள். சொல்ல மறுத்தால் மறுப்பையும் எழுதுங்கள். மேளத்தை மறக்க நினைப்பவருக்கு அந்த உரிமை உண்டு, அவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் அச்சேற்ற வேண்டாம். இறந்தவரைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், தேதி அவர்களுக்குத்தான் தெரியும். அறுபது எழுபது வயதுக்காரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்த மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடுவதற்குள் ஒரு ஊருக்கு ஒரு நோட்டு என்று தொடங்கினால்கூடப் போதும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மாமா இருக்கிறார். கருவி: தபேலா. வாசித்தது: பஜனைக் குழுவில். நிறுத்திய காரணம்: பவர் பிரஸ்.